‘அன்னிக்கு மட்டும் அப்படிச் செஞ்சிருந்தா…’: நடக்காத கடந்த காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்கள், படிப்பில் மனம் ஒட்டவில்லை என்று வருகிற பிள்ளைகள், துணையை இழந்தவர்கள் என்று எதிரே உட்காருகிறவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒரு கட்டத்தில் ‘அன்னிக்கு மட்டும்…’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். அந்த இடத்தைப் பற்றி திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் வீட்டுக் கதையை மட்டும் அப்படியே சொல்கிறேன்.

நடக்காததை நினைத்துக்கொண்டே இருப்பது ஒரு நோயா?

இல்லை. எல்லா மனிதர்களும் செய்வதுதான். பஸ்ஸைத் தவறவிட்டவர் ‘ரெண்டு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருக்கலாம்’ என்று நினைப்பதும் இதே வகை. அந்த நினைப்பு வந்துவிட்டுப் போகிறதா, வந்து குடியேறி விடுகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

நடந்ததை நினைப்பதும் நடக்காததை நினைப்பதும் மூளைக்கு வேறு வேறு வேலைதானே?

அப்படித்தான் பலரும் நம்புகிறோம். நினைவு என்பது பீரோவில் மடித்து வைத்த புடவை, கற்பனை என்பது புதிதாக நெய்வது என்று. உண்மையில் இரண்டும் ஒரே தறியில்தான் ஓடுகின்றன.

நினைவு கூர்வது என்பது பதிந்ததை எடுத்துப் பார்ப்பதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். டேனியல் ஷாக்டரும் டோனா ரோஸ் ஆடிஸும் 2007-ல் இதை இன்னும் விரித்தார்கள். பழைய அனுபவங்களின் துண்டுகளை எடுத்துத்தான் நாளை நடக்கப்போவதையும் நாம் கற்பனை செய்கிறோம் என்றார்கள். ஃபெலிபே டி பிரிகார்டும் மற்றவர்களும் ‘இப்படி நடந்திருக்கலாம்’ என்று கற்பனை செய்கிறவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நடந்ததை நினைக்கும்போது வேலை செய்யும் பகுதிகளில் பெரும்பாலானவை அங்கேயும் வேலை செய்தன.

அதே முகங்கள், அதே வாசல், அதே குரல். துண்டுகள் எல்லாம் நிஜம். கோத்த விதம் மட்டும்தான் நடக்காதது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியென்றால் கற்பனை என் உண்மையான நினைவையே மாற்றிவிடுமா?

மாற்றும். இதைப் புத்தகத்தில் படித்தபோது நான் முழுதாக நம்பவில்லை. என் அப்பா விஷயத்தில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அப்பா 2009-ல் மாரடைப்பில் போனார். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். இரவு ஒன்பதரை மணிக்கு வாசல்படியில் நின்று, இடது நெஞ்சில் கை வைத்து, ‘நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதும்மா’ என்று என்னிடம் சொன்னார். நான் ‘காலையில பாத்துக்கலாம்ப்பா’ என்றேன். விடியும் முன் போய்விட்டார். பல வருடங்கள் எனக்கு அந்த இரவு இதுதான். கையை எங்கே வைத்தார், வாசல் பல்பின் மஞ்சள் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது, எல்லாம் தெளிவாக இருக்கும்.

அக்காவிடம் ஒருநாள் இதைச் சொல்லி அழுதேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ‘நெஞ்சுன்னு அப்பா சொல்லவே இல்லடி. வயிறு ஊதிக்கிட்டு இருக்கு, சோடா வாங்கிட்டு வான்னுதான் சொன்னாரு’ என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன், அவள் உள்ளே இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்?

அம்மா வீட்டுக் கணக்கு எழுதுகிறவர். பழைய நோட்டுகளைச் சணல் போட்டுக் கட்டிப் பரண் மேல் வைத்திருப்பார். எடுத்துப் பார்த்தோம். அந்தத் தேதியில், பால், தக்காளிக்குக் கீழே, அம்மாவின் சாய்ந்த எழுத்தில்: ‘சோடா 1. ஓம வாட்டர் 1.’

அப்பா வாயிலிருந்து என்ன சொல் வந்தது என்பதற்கு அந்த நோட்டு சாட்சியாகாது. ஆனால் வீட்டில் எல்லோரும் அன்று என்ன புரிந்துகொண்டோம் என்பதற்குச் சாட்சி. அந்த நேரத்தில் வீட்டில் நெஞ்சுவலி என்ற எண்ணமே யாருக்கும் இல்லை.

பிறகு நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று யோசித்தேன். இரவுதோறும் ஒரு மாற்றுக் கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா சொல்கிறார், நான் 108-க்குப் போன் போடுகிறேன், வண்டி வருகிறது, தர்மபுரி போகிறோம், பிழைத்துக்கொள்கிறார். அந்தக் கதையில் நான் 108-ஐக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். ஆகவே அப்பா நெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. கற்பனைக்கு நான் எழுதிக்கொடுத்த வசனம் நூறு தடவை ஓடியதில் நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. 1996-ல் மேரியான் கேரி, எலிசபெத் லாஃப்டஸ் முதலியோர் ஒரு சோதனை செய்தார்கள். சிறுவயதில் கை பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது போன்ற நிகழ்ச்சிகளைச் சில நிமிடம் கற்பனை செய்யச் சொன்னார்கள். கற்பனை செய்த பிறகு ‘இது எனக்கு நடந்திருக்கும்’ என்ற நம்பிக்கை பலருக்கும் கூடியது. அதற்கு முந்தைய வருடம், 1995-ல், லாஃப்டஸ் நடத்திய இன்னொரு ஆய்வில் 24 பேரிடம், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு நடக்காத கதையைச் சொன்னார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர் அதை முழுதாகவோ கொஞ்சமாகவோ ‘நினைவு’ கூர்ந்தார்.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வயிற்று உப்புசம் போல, நெஞ்செரிச்சல் போல வரலாம். வேர்த்துக் கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ சோடாவுக்கு ஆள் அனுப்பாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.)

விபத்தைப் பார்த்த சாட்சிக்கும் இப்படி ஆகுமா?

ஆகும். லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் ஒரு கார் விபத்துப் படத்தை 150 மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலரிடம் ‘கார்கள் மோதியபோது என்ன வேகம்?’ என்றும், சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்?’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, முதல் வகையில் 50 பேரில் 7 பேரும் இரண்டாம் வகையில் 50 பேரில் 16 பேரும் ‘ஆமாம்’ என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

நெடுஞ்சாலையில் ஏதாவது பார்த்தீர்களானால், டீக்கடையில் நாலு பேரோடு பேசுவதற்கு முன், பார்த்ததைப் போனிலாவது எழுதி வைத்துவிடுங்கள்.

மகளுக்கு மெடிக்கல் சீட் கட்-ஆஃபில் ஒரு மார்க்கில் போய்விட்டது. அவளைவிட நாற்பது மார்க் குறைந்த தோழி ஜாலியாக இருக்கிறாள். இவள் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறாள். ஏன்?

நூலிழையில் தவறியதை மாற்றிக் கற்பனை செய்வது சுலபம். நாற்பது மார்க்கைக் கற்பனையில் கூட்ட வேண்டுமென்றால் வேறு ஒரு வருடத்தையே வாழ வேண்டும். ஒரு மார்க்குக்கு ஒரு கேள்வியில் விடையை மாற்றினால் போதும். கை எட்டும் தூரத்தில் இருப்பதால் மனம் விடாமல் கையை நீட்டுகிறது.

டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1982-ல் இதை விமானத்தை வைத்துக் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே வண்டியில் விமான நிலையத்துக்கு அரை மணி தாமதமாக வருகிறார்கள். ஒருவரின் விமானம் சரியான நேரத்தில் போய்விட்டது. இன்னொருவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடம் முன்புதான் கிளம்பியது. யாருக்கு அதிக வருத்தம்? கேட்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் ஐந்து நிமிடத்தில் விட்டவருக்குத்தான் என்றார்கள். இருவருக்கும் நஷ்டம் ஒன்றுதான்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வைத்து வந்த ஆய்வும் உண்டு. போட்டி முடிந்த கணத்து வீடியோவைப் பார்த்தவர்கள் பத்துக்கு மார்க் போட்டார்கள். வெண்கலம் வென்றவர்களின் மகிழ்ச்சிக்கு 7.1, வெள்ளி வென்றவர்களுக்கு 4.8. வெள்ளிக்காரர் மேலே தங்கத்தைப் பார்க்கிறார். வெண்கலக்காரர் கீழே, பதக்கமே இல்லாத நாலாம் இடத்தைப் பார்க்கிறார்.

மகளிடம் ‘விடும்மா, ஒரு மார்க்தானே’ என்று சொல்லாதீர்கள். அந்த ‘தானே’தான் அவளைக் கொல்கிறது. ‘ஒரு மார்க்குல போனதுதான் ரொம்ப வலிக்கும்னு எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேசுவதற்கு வேறு படிப்புகள் இருக்கின்றன, ஆனால் அதை அடுத்த வாரம் பேசலாம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். ‘சீக்கிரம் வாங்க’ என்று நான்தான் போன் செய்தேன். தொப்பூர் இறக்கத்தில் போய்விட்டார். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா என் அறையில் ஒன்றரை மணி நேரம் பேசினார். போன் செய்த நேரம், பேசிய சொல், குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமல் இருந்திருந்தால் போனே செய்திருக்க மாட்டேன் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் பிரேக் பிடிக்காமல் வந்து இடித்த இன்னொரு லாரியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நான் கேட்ட பிறகுதான் ‘ஆமா, அது ஒண்ணு வந்துச்சு’ என்றார்.

தொப்பூர் கணவாய் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். நீளமான இறக்கம், வளைவு, பாரம் ஏற்றிய வண்டிகள். பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேறினால் அது பிடிக்காது. டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. இத்தனையும் அந்தச் சாலையில் இருக்க, அந்த அம்மாவின் மனம் தன் போன் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கிறது.

1995-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிறிஸ்டபர் டேவிஸ் முதலியோர் விபத்தில் துணையையோ குழந்தையையோ இழந்தவர்களிடம் பேசினார்கள். இழப்பு நேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தும் பலர் இன்னும் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாற்றிப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் தங்கள் செயலைத்தான் அல்லது இறந்தவரின் செயலைத்தான், இடித்த ஓட்டுநரின் செயலை அல்ல. இப்படி மனதுக்குள் அதிகமாக ஓட்டிப் பார்த்தவர்களே அதிகமாகத் துன்பப்பட்டார்கள்.

ஏன் தன்னையே? என் கையில் இருந்தது என் செயல் மட்டும்தான் என்பதால். தெரியாத ஓட்டுநரின் பிரேக்கை எப்படி மாற்றுவது என்று மனதுக்குத் தெரியாது. போனை எடுக்காமல் இருப்பது எப்படி என்று தெரியும். மாற்ற முடிந்திருக்கும் என்பதும் காரணம் நான்தான் என்பதும் ஒரே குரலில் கேட்கின்றன, ஆனால் இரண்டும் வேறு. அந்த அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ‘அதுக்கு முன்னாடி எத்தனை தடவை சீக்கிரம் வாங்கன்னு போன் பண்ணியிருக்கீங்க?’ நீண்ட நேரம் யோசித்துவிட்டு, ‘வாராவாரம்’ என்றார். வாராவாரம் வந்து சேர்ந்திருக்கிறார்.

மருமகள் வந்த ஆறாம் மாதம் வீட்டில் சாவு. ‘அவ வந்த நேரம்’ என்கிறார்கள். இதற்கும் நீங்கள் பேசுவதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம் உண்டு. இதைப் பற்றி எனக்கு ஆத்திரமும் உண்டு.

கானமனும் ட்வெர்ஸ்கியும் தந்த இன்னொரு கதையில், ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது விபத்தில் இறக்கிறார். கதையை இரண்டு விதமாக எழுதினார்கள். ஒன்றில் வழக்கத்துக்கு மாறான சாலையில் போனார், இன்னொன்றில் வழக்கத்துக்கு மாறான நேரத்தில் கிளம்பினார். ‘இந்த விபத்து எப்படி நடக்காமல் இருந்திருக்கும்?’ என்று கேட்டபோது, கதையில் எது வழக்கத்துக்கு மாறாக இருந்ததோ அதைத்தான் மக்கள் மாற்றினார்கள். போதையில் வண்டி ஓட்டிவந்து மோதிய இளைஞனை மாற்றியவர்கள் வெகு குறைவு.

இதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாமனாரின் முப்பது வருட பீடி வழக்கமானது. சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டுப் போடுவது வழக்கமானது. அந்த வருடம் புதிதாக வந்தவள் மருமகள் ஒருத்திதான். ஆக, மனம் கற்பனையில் அவளை எடுத்துவிட்டுப் பார்க்கிறது. அதற்கு ‘ராசி’ என்று பெயர் வைத்துவிட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். புதிதாக இருந்தது என்பதைத் தவிர அந்தப் பெண்ணிடம் குற்றம் எதுவும் இல்லை. வீட்டில் யாராவது ஒருவர், முக்கியமாகக் கணவர், இதை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஒசூர் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டேன். இன்று அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ‘விலை ஏறும்னு அப்பவே தெரியும்’ என்று மனம் குத்துகிறது.

அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் விற்றிருக்க மாட்டீர்கள்.

முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்ததுபோல் தோன்றும். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், பயணத்தில் என்னென்ன நடக்க வாய்ப்பு என்று பரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் கணிப்பு வாங்கி வைத்தார்கள். பயணம் முடிந்த பின், ‘நீங்கள் அன்று என்ன கணித்தீர்கள்?’ என்று கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் கொடுத்திருந்ததைவிட அதிக வாய்ப்பு கொடுத்ததாகப் பலரும் நினைவு கூர்ந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு தானே திருத்திக்கொண்டது.

விற்ற வருடம் வீட்டில் என்ன தேவை இருந்தது என்று இவரிடம் கேட்டேன். தங்கை கல்யாணம், போர் தண்ணீர் வற்றியது, வங்கியில் நகை. அதே பகுதியில் ‘ஏறும் ஏறும்’ என்று வாங்கி, வழக்கில் மாட்டிய நிலங்களைப் பற்றி அவரே பிறகு சொன்னார். அவை அவருடைய மாற்றுக் கதையில் ஒருநாளும் வந்ததில்லை. கற்பனையில் ஓடும் கடந்த காலத்தில் வில்லங்கம் வராது, போர் வற்றாது. அந்த விற்காத நிலம் அவர் மனதில் மட்டும் வருடாவருடம் மூன்று போகம் விளைந்துகொண்டிருந்தது.

செய்ததற்காக வருந்துவது அதிகமா, செய்யாததற்காகவா?

உடனடியாகச் செய்ததற்கு. வருடங்கள் போகப்போகச் செய்யாததற்கு. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் கண்டது இது. செய்த தவறுக்கு விளிம்பு உண்டு, அதற்கு மன்னிப்புக் கேட்கலாம், சரிக்கட்டலாம். படிக்காமல் விட்ட படிப்புக்கும் சொல்லாமல் விட்ட சொல்லுக்கும் விளிம்பே இல்லை, அவை வளர்ந்துகொண்டே போகும்.

அப்படியானால் இந்த நினைப்பால் ஒரு நன்மையும் இல்லையா?

நிறைய உண்டு. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் சொன்னார், ‘காத்துக்கு முன்னாடியே பாதியைப் பறிச்சிருந்தா இந்த நஷ்டம் இல்ல’ என்று. அடுத்த வருடம் பெங்களூரா ரக மாங்காயில் ஒரு பகுதியை முன்னதாகவே பறித்து மாங்கூழ் ஆலைக்கு அனுப்பினார். அவருடைய ‘இருந்தா’ அடுத்த பருவத்துக்கு வேலையாக மாறிவிட்டது. நீல் ரோஸ் போன்ற ஆய்வாளர்கள் சொல்வதும் இதுதான். மேலானதோடு ஒப்பிடுவது வலிக்கும், ஆனால் திருத்திக்கொள்ள வழிகாட்டும். மோசமானதோடு ஒப்பிடுவது ஆறுதல் தரும், ஆனால் ஒன்றும் கற்றுத்தராது.

ஊருக்கும் இது பொருந்தும். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை, வளைந்த முழங்கால் என்று அதைச் சுமக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. ‘இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா என் முட்டி இப்படி ஆகியிருக்காது’ என்று ஒரு பெரியவர் சொன்னால், அவரைத் தேற்றி அனுப்புவது என் வேலை இல்லை. அது நியாயமான கணக்கு. கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு நல்ல பயன்பாடும் உண்டு, அதைப் பலர் முயன்றதே இல்லை. நல்லது ஒன்று நடக்காமல் போயிருந்தால் என்று நினைத்துப் பார்ப்பது. மின்கியுங் கூ முதலியோர் 2008-ல் இதைச் சோதித்தார்கள். வாழ்க்கையின் ஒரு நல்ல நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது எப்படி நடக்காமலே போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு மனம் அதிகம் இலேசானது. என் கணவரை முதலில் பார்த்தது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ் இருபது நிமிடம் தாமதமான ஒரு மாலையில். அந்த பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் என்று நினைக்கும்போது, சமையலறையில் அவர் பாத்திரம் உருட்டும் சத்தம்கூட எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

திரும்பத் திரும்ப நினைத்தால் வலி தேய்ந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. டி பிரிகார்ட், கார்ல் ஸ்புனார், ஷாக்டர் 2013-ல் கண்டது விசித்திரமாக இருக்கும். எதிர்காலத்தில் நடக்கக்கூடியதைத் திரும்பத் திரும்பக் கற்பனை செய்தால் அது நடக்கும் என்ற எண்ணம் கூடுகிறது. ஆனால் கடந்த காலத்தில் நடந்திருக்கக்கூடியதைத் திரும்பத் திரும்பக் கற்பனை செய்தால், படம் தெளிவாகிறது, ‘இப்படி நடந்திருக்க வாய்ப்பு இருந்தது’ என்ற எண்ணமோ குறைகிறது. ஓட்டி ஓட்டி, ‘இல்ல, இது நடந்திருக்காது’ என்று தெரிந்துகொள்கிறோம் போலிருக்கிறது.

தனியாக, இருட்டில், தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி ஓட்டுவது வேறு. அது தேய்வதை நான் பார்த்ததில்லை. இன்னொருவர் துணையோடு ஓட்டுவதைத்தான் பரிந்துரைக்கிறேன். நம் ஊர் ஒப்பாரி அதைத்தான் செய்தது. ‘நீ இருந்திருந்தா’ என்று பெண்கள் கட்டிப்பிடித்துப் பாடும்போது, நடக்காத வாழ்க்கை முழுதும் நாலு பேர் நடுவில் சத்தமாக வந்துவிடும். அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. இப்போது சாவு வீட்டில் ஸ்பீக்கர் பாடுகிறது, பெண்கள் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

தகடூர் என்ற தர்மபுரியின் பழைய பெயரைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் அதியமானும் ஔவையாரும் நினைவுக்கு வருவார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டு ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்கும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், அது போயிற்று என்று பொருள். அந்த ‘மன்’ என்ற சின்னச் சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது: கழிந்துபோனது, ஆகி வருவது, சொல்லாமல் விட்டது. போனதற்கும் சொல்லாமல் நிற்பதற்கும் தமிழில் ஒரே சொல் இருந்திருக்கிறது. அதைவிட, ஔவையார் செய்யாத ஒன்றைக் கவனியுங்கள். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்தது என்கிறார். அந்த வேல் பாயாமல் இருந்திருந்தால் என்று ஒரு சொல் இல்லை. அவன் என்ன செய்வான், எப்படிக் கொடுப்பான் என்று நடந்ததை மட்டுமே அடுக்கிக்கொண்டு போகிறார். துக்கத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் ‘அன்னிக்குத் தெரிஞ்சது’, வலது பக்கத்தில் ‘அப்புறம் தெரிஞ்சது’. ஒவ்வொரு விஷயத்தையும் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து எழுதுங்கள். ரசீது, போன் மெசேஜ், ஆஸ்பத்திரிச் சீட்டு, பக்கத்தில் இருந்தவரின் பேச்சு என்று ஆதாரம் இருந்தால் இடது பக்கத்தில் சேருங்கள். பகலில் எழுதுங்கள், இரவில் வேண்டாம். அரை மணிக்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலும் குற்றவுணர்ச்சியின் எடை முழுதும் வலது பக்கத்தில்தான் இருக்கும். சில சமயம் இடது பக்கத்திலும் உண்மையான தவறு ஒன்று நிற்கும். நின்றால் அதை அழிக்க வேண்டாம். அதற்கு மன்னிப்பு, ஈடு, பேச்சு என்று வேறு வழிகள் இருக்கின்றன.

‘விதி’ என்று விட்டுவிடச் சொல்லலாமா?

துக்கத்தில் இருப்பவரே சொன்னால் மறுக்காதீர்கள், அது அவர் பிடித்துக்கொண்ட கம்பம். நீங்களாக எடுத்துச் சொல்லாதீர்கள்.

ஏழு வயது பையன், ‘நான் பொம்மை கேட்டு அடம் பிடிச்சதாலதான் அப்பா கடைக்குப் போனாரா?’ என்று கேட்கிறான்.

கேட்டுவிட்டானே, அதுவே நல்லது. கேட்காமல் உள்ளே வைத்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் நான் பயப்படுவேன். பேச்சை மாற்றாதீர்கள். ‘ஆமாம், பொம்மை வாங்கத்தான் போனார். நீ கேட்டதால விபத்து நடக்கல. பொம்மை கேக்கிறது தப்பில்ல’ என்று சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். அடுத்த மாதம் மறுபடி கேட்பான். அதே பதிலை அதே பொறுமையோடு மறுபடி சொல்லுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், வேலைக்குப் போக முடியாவிட்டால். ‘அவருக்குப் பதிலா நான் போயிருக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

எங்கள் அம்மா அந்த நாளின் கதையைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார். திருத்தலாமா?

கதை யாரையும் குற்றவாளி ஆக்காத வரை விட்டுவிடுங்கள். அவரையோ வேறு யாரையோ குற்றவாளி ஆக்கினால் மட்டும் திருத்துங்கள், மெதுவாக, ஆதாரத்தோடு.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்த இரவில் மழை பெய்தது. எனக்குப் பெய்யவில்லை. யாரும் யாரையும் திருத்துவதில்லை. வாங்கி வந்த சோடாவை அப்பா முழுதாகக் குடித்தாரா, பாதியில் வைத்துவிட்டாரா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கணக்கு நோட்டில் அது இல்லை.